பேஸ் கிடாருக்குப் பெட்டி வாங்க ஆடி பிறக்கும் வரை காத்திருக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் எங்களைப் போன்ற மெல்லிசைக் குழுக்காரர்கள் வீட்டில் தூங்க முடியாது. இன்றைக்கு ஒரு அம்மன் கோயில், நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அம்மன் கோயில், கச்சேரி முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது இரவு இரண்டு மணி தாண்டியிருக்கும். நான் திருச்சியில் இருபத்திரண்டு வருடமாக பேஸ் கிடார், அதாவது கனமான கீழ்ச்சுரங்களுக்கான நீளக் கழுத்துக் கிடார், வாசிக்கிறேன். வாசிப்பைப் பற்றிப் பேச என்னைவிடப் பெரியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் கரூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். இன்னொரு குழுவிலிருந்து வந்த தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். புது ஐந்து கம்பி பேஸ், தவணையில் வாங்கியிருக்கிறார், கை அருமையாகப் பேசுகிறது. வாசித்து முடித்து அவர் அதை உறைக்குள் வைத்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு பதறிவிட்டது. கடையில் இலவசமாகக் கொடுத்த சாதாரண துணி உறை. அதுவும் அக்கூஸ்டிக் கிடாருக்குத் தைத்தது. ஜிப் முழுசாக மூடாமல் பேஸின் தலை வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு இருக்கிறது, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். "அப்புறம் வாங்கிக்கலாம்ணா, இப்ப கையில காசு இல்ல" என்றார். எல்லாரும் சொல்வது இதைத்தான், நானும் ஒரு காலத்தில் சொன்னேன்.

2011-இல் மணப்பாறைப் பக்கம் ஒரு பங்குனித் திருவிழா முடிந்து வந்துகொண்டிருந்தோம். விடியற்காலை ரோட்டில் மாடு குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக் போட்டார், பின்னால் இருந்த மானிட்டர் ஸ்பீக்கர் சரிந்து என் பேஸ் மேல் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, நட்டுக்கு (தலையை ஒட்டிக் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை) பின்னால், தலையும் கழுத்தும் சேருகிற இடத்தில், நீளவாக்கில் விரிசல். கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. பசை வைத்து கிளாம்ப் போட்டுச் சரிசெய்து வாங்க மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரத்தில் ஐந்து கச்சேரி. இரண்டுக்கு இரவல் பேஸ் கிடைத்தது, மீதி மூன்றுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அந்த மூன்று கச்சேரிச் சம்பளத்தில் நல்ல உறை ஒன்று வாங்கி மிச்சமும் இருந்திருக்கும்.

சாதாரண கிடாரை விட பேஸுக்கு ஏன் இவ்வளவு ஆபத்து என்று குழு நடத்துபவர்களே கேட்பதுண்டு. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம், இன்று வரை பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. தலை முதல் அடி வரை மொத்தம் 46, 47 அங்குலம் வரும். இவ்வளவு நீளக் கழுத்தின் நுனியில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் நான்கு பெரிய இரும்புக் கீ உட்கார்ந்திருக்கிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 75, 80 கிலோ வரை இருக்கும். பேஸ் மல்லாந்து விழுந்தால் உடம்பு தரையில் நின்றுவிடும், கனமான தலை மட்டும் பின்னால் சாட்டை மாதிரி வீசும், கம்பியின் இழுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். அடி முழுக்க நட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய மரத்தில்தான் இறங்கும். தலை பின்பக்கமாகச் சாய்ந்த மாடல்களில் இது இன்னும் மோசம். ஃபெண்டர் பாணியில் தலை நேராக இருக்கும் பேஸ்கள் கொஞ்சம் தாங்கும்.

அதனால் உறையோ பெட்டியோ எது வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது கழுத்துத் தாங்கி. உள்ளே கழுத்தை ஒரு மேடை தாங்கிப் பிடிக்க வேண்டும், தலை எதிலும் படாமல் காற்றில் நிற்க வேண்டும். கடையிலேயே பேஸை உள்ளே வைத்துத் தலைக்கு அடியில் ஒரு தாளை விட்டுப் பாருங்கள், தாள் தடையில்லாமல் போய் வந்தால் சரி. அப்புறம் மூடிக்கொண்டு மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே "டொக்" என்று கேட்டால் அந்தப் பெட்டி எவ்வளவு விலையானாலும் உங்கள் பேஸுக்கு ஆகாது.

எந்த வகை வாங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன். வழியில் பேஸ் உங்கள் கையிலேயே இருக்குமா, இல்லை அடுத்தவர் கைக்குப் போகுமா? உங்கள் முதுகிலோ மடியிலோ இருக்கும் என்றால் நல்ல கெட்டியான கிக் பேக், அதாவது ஃபோம் வைத்துத் தைத்த உறை, போதும். மற்ற சாமான்களோடு வேனில் போகும் என்றால் ஹார்டு கேஸ், அதாவது வளையாத கெட்டிப் பெட்டி, வேண்டும். முகம் தெரியாதவர்கள் தூக்கி எறியும் இடத்துக்கு, அதாவது விமானத்துக்கோ பார்சலுக்கோ போகும் என்றால் அதற்கென்றே செய்த வலுவான பெட்டி வேண்டும். பெயர் பெற்ற கம்பெனியா, நண்பன் வைத்திருக்கிறானா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

கிக் பேக்கில் ஃபோமின் தடிமனைக் கேளுங்கள். இலவசமாக வரும் உறையில் ஃபோமே இருக்காது, இருந்தால் 5 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். அமுக்கினால் பஞ்சு மாதிரி அடி வரை போகும் ஃபோம் வேண்டாம், கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். அடுத்தது அடிப்பாகம். பேஸின் அடியில் ஸ்ட்ராப் மாட்டும் பித்தான் இருக்கிறதல்லவா, உறையைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் முழு எடையும் அந்தப் பித்தான் மேல்தான் இறங்குகிறது, கொஞ்ச நாளில் அது துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், இல்லையென்றால் மரத்துக்குள் இறங்கும். நல்ல உறைகளில் அந்த இடத்தில் தடித்த ரப்பர் வைத்திருப்பார்கள். உங்கள் உறையில் இல்லையென்றால் பழைய ஹவாய் செருப்பின் அடியை வெட்டி, நடுவில் பித்தானுக்கு ஓட்டை போட்டு உள்ளே ஒட்டிவிடுங்கள். என் பழைய உறையில் பத்து வருடமாக அதுதான் இருக்கிறது.

ஜிப் பெரிய பல்லாக இருக்க வேண்டும், முதலில் போவது ஜிப்தான். தோள்பட்டை நாடா கோர்க்கும் வளையம் பிளாஸ்டிக்காக இருந்தால் வாங்கிய அன்றைக்கே பை தைக்கும் கடையில் கொடுத்து இரும்பு வளையம் மாற்றிக்கொள்ளுங்கள், பஸ் ஸ்டாண்டு நடுவில் அது உடைந்து பேஸ் கீழே விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கழுத்துப் பக்கத்தில் ஒரு கைப்பிடி கட்டாயம் வேண்டும், கூட்டத்தில் பேஸை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நகர அதுதான் உதவும். பைக்கில் முதுகில் மாட்டிப் போகிறவர்கள் நாடாவை எந்த உயரத்தில் தைத்திருக்கிறார்கள் என்று மாட்டியே பார்க்க வேண்டும். தலை ஹெல்மெட்டுக்கு மேலே ஒரு அடி நீட்டிக்கொண்டிருந்தால் தாழ்ந்த மரக்கிளையும் மண்டப வாசலின் நிலையும் முதலில் அதைத்தான் பிடிக்கும்.

இதெல்லாம் சரி, காசு இல்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கார் சீட்டுக்கு ரெக்சின் தைக்கும் குஷன் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. பேஸை நேரில் எடுத்துக்கொண்டு போய், தரையில் தாள் விரித்து அதன் மேல் வைத்து வெளிக்கோடு வரைந்து கொடுங்கள், சுற்றிலும் இரண்டு விரல் இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். கெட்டி ஃபோம், உள்ளே கம்பி படும் இடத்தில் மட்டும் தனியாக ஒரு ரெக்சின் துண்டு, கழுத்துக்குக் கீழே ஒரு ஃபோம் கட்டை, அவ்வளவுதான். எனக்கு இப்படித் தைத்த உறைக்கு 1,800 ரூபாய் ஆனது, ஆறு வருடம் உழைத்தது. மழைக்கு ரெக்சின் ரொம்ப நல்லது, ஆனால் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் ஐப்பசி கார்த்திகையில் மேலே ஒரு மழைக்கவர் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், டேப்பால் அளந்து வாங்குங்கள். பெரிய அக்கூஸ்டிக் கிடாரே 41 அங்குலம்தான், அதற்கான உறையில் பேஸ் நுழையாது. கரூரில் பார்த்த தம்பிக்கு நடந்தது இதுதான். ஐந்து கம்பி பேஸுக்குத் தலை இன்னும் நீளம். மொத்த நீளம், உடம்பின் அதிக அகலம், தலையின் அகலம், கனம், இந்த நான்கையும் குறித்துக்கொண்டு உள் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளி அளவை மட்டும் போட்டிருக்கும் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இனி வேன். குழு வேனில் போகும் பேஸுக்கு ஹார்டு கேஸ் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பிளைவுட்டில் செய்து மேலே ரெக்சின் ஒட்டிய நீள்சதுரப் பெட்டி எங்கள் வேலைக்கு மிகவும் ஏற்றது. ஐந்து ஆறு கிலோ இருக்கும், மேலே இன்னொரு பெட்டியை அடுக்கினாலும் தாங்கும். அச்சில் வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டிகள் மழைக்கும் தேய்மானத்துக்கும் நல்லவை. ஆனால் பெட்டி இருக்கிறதே என்று ஸ்பீக்கருக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். கடைசி சீட்டுக்குப் பின்னால் தலை மேலே இருக்கும்படி நிற்கவைத்துக் கயிற்றால் ஒரு கட்டு போடுங்கள். வேன் கூரைமேல் தார்பாலினுக்கு அடியில் பேஸ் போகவே கூடாது. ஆடி வெயிலில் அந்தச் சூட்டில் பசை இளகும், கழுத்தின் மேல் விரல் வைத்து அழுத்தும் பிரெட் பலகை கழன்று வந்த கதைகள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. ஆம்னி பஸ்ஸின் டிக்கியும் கிட்டத்தட்ட அப்படித்தான், பின்பக்கம் என்ஜின் சூடு, பார்சல் மூட்டைகள், சில நேரம் பைக்கையே ஏற்றுகிறார்கள். ஸ்லீப்பர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தால் பேஸை உங்கள் பக்கத்தில் சுவர் ஓரமாகப் படுக்கவைத்துக்கொள்ளலாம், நான் சென்னைக்கு அப்படித்தான் போய்வருகிறேன்.

ரயில் விஷயத்தில் அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ரயில்வே விதிப்படி ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம், எடையில் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் பெட்டியின் அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும், மூன்றாம் வகுப்பு ஏசியில் அதைவிடச் சின்ன அளவு. பேஸ் பெட்டி 120 செ.மீ.க்கு மேல். விதியை அப்படியே பிடித்தால் அதை பிரேக் வேனில், அதாவது ரயிலின் சரக்குப் பெட்டியில், போட வேண்டும், அங்கே மீன் பெட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் பேஸின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான டிக்கெட் பரிசோதகர்கள் கலைஞர்கள் என்றால் மரியாதையோடு விட்டுவிடுகிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் மனசை நம்பியே போக வேண்டியிருக்கிறது. வீணைக் கலைஞர்களுக்கும் இதே நிலைமைதான், அவர்களுடைய ஃபைபர் பெட்டியும் ஒரு மீட்டரைத் தாண்டும். பயணி தன் பெர்த்திலேயே வைத்துக்கொள்ளும் இசைக்கருவிக்கு 130 செ.மீ. வரை அனுமதி உண்டு என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

ரயிலில் எப்போதும் மேல் பெர்த் கேளுங்கள். கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளினால் இரவு முழுக்கக் கால்களும் சூட்கேஸ்களும் அதை இடிக்கும்.

விமானத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஏனென்றால் தீபாவளி நேரத்தில் மலேசியா, சிங்கப்பூர், கொழும்பு என்று முதல்முறை கிளம்பும் பிள்ளைகள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. பேஸ் நான்கு கிலோ, பிளைவுட் பெட்டி ஆறு கிலோ, மொத்தம் பத்து, பிரச்சினை இல்லை. அலுமினிய விளிம்பு வைத்த பெரிய பிளைட் கேஸ் செய்தால் பெட்டியே 12 கிலோவுக்கு மேல் போய்விடும், துணிமணிக்கு இடமே இருக்காது. இதுபோக நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன, பேஸ் பெட்டி 170-ஐத் தாண்டும். ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்துக்கு எழுதி, இசைக்கருவி கொண்டுவருகிறேன், இன்ன அளவு, இன்ன எடை என்று சொல்லி பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாதாட அந்தத் தாள்தான் துணை.

அமெரிக்காவில் இதற்கு 2012-இல் சட்டமே கொண்டுவந்தார்கள், 2015-இல் அதற்கான விதிகள் வந்தன. ஏறும் நேரத்தில் மேல் அலமாரியில் இடம் இருந்து, கருவி அதில் அடங்கினால், விமான நிறுவனம் மறுக்க முடியாது. செக்-இன் செய்தால் மூன்று அளவும் கூட்டி 150 அங்குலம், 165 பவுண்டு வரை கருவியை ஏற்றுக்கொண்டாக வேண்டும். இங்கே நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் கவுண்டருக்குக் கவுண்டர் பதில் மாறுகிறது. அப்படி ஒரு தெளிவான விதி நமக்கும் வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருமுறை கோலாலம்பூரில் இறங்கியபோது பெல்ட்டில் என் பெட்டி வாய் திறந்தபடி வந்தது. தாழ்ப்பாள் இரண்டு எங்கோ மாட்டிப் பிய்ந்துவிட்டன, முதல் கம்பியின் கீ வளைந்துவிட்டது. கிளம்பும்போது கவுண்டரில் நீட்டிய ஒரு சிட்டையில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன், உடையக்கூடிய பொருளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பதுதான் அதில் இருந்தது. ஒரு பைசா கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பெட்டியைச் சுற்றி இரண்டு இடத்தில் சூட்கேஸ் பெல்ட் கட்டாமல் நான் அனுப்புவதில்லை. தாழ்ப்பாள்கள் உள்ளே குழிந்து இருக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருப்பவைதான் பிய்கின்றன.

விமானத்துக்காக பேஸை உள்ளே வைக்கும்போது கம்பியை ஒன்றிரண்டு சுரம் இறக்குங்கள், முழுசாகத் தளர்த்த வேண்டாம், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புத் தண்டு கழுத்தை எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். தலையைச் சுற்றிலும் காலியிடத்தில் பழைய பனியன், துண்டு வைத்து மெத்தென்று நிரப்புங்கள், கம்பிகளுக்கு மேல் அழுத்தும்படி எதுவும் வேண்டாம். ஒயரையும் அடாப்டரையும் பேஸோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒரு குலுக்கலில் அவையே பேஸைக் குத்தும். ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் செக்-இன்னில் போகட்டும், ஒயர்லெஸ் கருவியின் உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கட்டாயம் கைப்பையில். கொடுப்பதற்கு முன் பேஸையும் பெட்டியையும் போனில் படம் எடுங்கள். சேதம் இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி நகல் வாங்குங்கள், வெளிநாட்டுப் பயணத்தில் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி எழுத்துப் புகாருக்கு ஏழு நாள்தான் கெடு. இந்தியாவிலிருந்து கருவியைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் போகும்போதே சுங்கத்துறையில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வரும்போது வரி கேட்க மாட்டார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காதீர்கள். ஏசி குளிரிலிருந்து நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு வந்தால் கம்பி, அதன் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் எல்லாம் வேர்த்துவிடும், அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும். வீட்டில் மாதக்கணக்கில் மூடி வைக்கும் பெட்டியின் உள்துணியில் பூஞ்சை வரும், காலிப் பெட்டியை அவ்வப்போது வெயிலில் காயவைத்து இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

அடிக்கடி பறக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் கொண்டுவந்த தலையில்லாத பேஸ் வகை இப்போது பல கம்பெனிகளில் கிடைக்கிறது, கீ எல்லாம் அடியில் இருக்கும், மொத்த நீளம் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் அடங்கிவிடும், உடைவதற்குத் தலையே கிடையாது. வெளிநாட்டுக் கச்சேரிக்கு மட்டும் நான் இப்போது அதைத்தான் எடுத்துப்போகிறேன். ஆடிக் கச்சேரிக்கு என் பழைய, விரிசல் ஒட்டிய பேஸ்தான், அதன் கனமான ஓசை எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை.

குழு நடத்தும் அண்ணன்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். மிக்சருக்கும் ஸ்பீக்கருக்கும் பெட்டி செய்யக் கொடுக்கும்போது உங்கள் பேஸ்காரருக்கும் ஒன்று சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், பணத்தைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். கரூர் தம்பியின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரைக் குஷன் கடைக்கு அழைத்துப்போகிறேன். கடைக்காரர் தைத்துத் தர ஒரு வாரம் கேட்கிறார், ஆடி முதல் வெள்ளிக்குள் உறை கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பேஸ் கிடார் கலைஞர்,
திருச்சி.